தக்காளியின் செந்நிறமும் நம் உடல்நலமும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்ய நாம் சென்றிருந்தோம். சரக்கு இருப்பைச் சரிபார்த்து, கூலிப் பதிவேட்டையும் முடித்து எழும் வேளையில், அறுபது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் மடியிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து மேஜைமீது வைத்தார். உள்ளே சிவந்த குளிகைகள் இருந்தன. தக்காளியின் சாரம் என்றும், இருதயத்தைக் காக்கும் என்றும், புற்றுநோயை அண்டவிடாது என்றும் சொல்லி யாரோ வீடு தேடி வந்து விற்றிருக்கிறார். ஒரு மாதத்திற்கு வேண்டிய அப்புட்டியின் விலை, பெரியவர் தறியில் அமர்ந்து ஈட்டும் மூன்று நாள் கூலிக்குச் சமம். அவ்வளவு மட்டுமாயின் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாம் வந்திருப்போம். ஆனால் இரத்த அழுத்தத்திற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக இக்குளிகையை அவர் உட்கொண்டு வருகிறார் என்பது பேச்சின் நடுவே வெளிப்பட்டது.

அன்று மாலை திரும்பும் வழியில் வேறொரு காட்சியையும் கண்டோம். சாலையோரப் பள்ளத்தில் கூடை கூடையாகத் தக்காளி கொட்டிக் கிடந்தது. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூட விலை கட்டவில்லை என்று தோட்டக்காரர் கூறினார். புட்டியில் அடைத்து விற்ற பொருளும், பள்ளத்தில் கொட்டிக் கிடந்த பொருளும் ஒன்றே. அதன் பெயர் லைகோபீன். அதைப் பற்றி நம் அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் நமக்கு உண்டாயிற்று.

தக்காளி நம் மண்ணின் பழமன்று. மணத்தக்காளியை நம் முன்னோர் நெடுங்காலமாக அறிவர். அதே குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியோ தென் அமெரிக்காவில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, பின்னர் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. சீமைத்தக்காளி என்று பாட்டிமார் சொன்னதன் காரணம் இதுவே. ஐரோப்பியர் முதலில் இதை நஞ்சென அஞ்சினர். தாவர நூலார் இதற்கு இட்ட லத்தீன் பெயருக்கு ‘ஓநாயின் பீச் பழம்’ என்று பொருள். அப்பெயரிலிருந்தே லைகோபீன் என்னும் சொல் பிறந்தது.

லைகோபீன் என்பது தக்காளியைச் சிவப்பாக்கும் சாயம். சாயத்தோடு பழகியவர்களாகிய நெசவாளர்களுக்கு இதன் தன்மையை விளக்குவது எளிது. 40 கார்பன் அணுக்களும் 56 ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த நீண்ட இழை இது. அவ்விழையில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. இவ்விதம் தொடர்ந்து வரும் இரட்டைப் பிணைப்புகள் மட்டும் 11. இத்தகைய தொடர் நீள நீள, பொருளின் நிறம் மஞ்சளிலிருந்து சிவப்பை நோக்கி ஆழ்ந்து செல்கிறது. நூலுக்குத் தோய்க்கும் சாயங்கள் பலவற்றிலும் நிறம் உண்டாவது இதே முறையில்தான். லைகோபீனின் இந்த அமைப்பை 1930-ஆம் ஆண்டை ஒட்டி ஆராய்ந்து கண்டவர் சூரிச் நகரத்து ரசாயன நிபுணர் பால் காரர். காரட்டின் நிறப்பொருள் முதலியவற்றையும் ஆராய்ந்த அவருக்கு 1937-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சாயம் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஐயமுள்ளவர்கள் தம் வீட்டுக் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். தக்காளி வதங்கிய பின் மேலே மிதக்கும் எண்ணெய் செந்நிறமாக இருப்பதில் மிளகாயின் பங்கு பாதி, தக்காளியின் பங்கு பாதி. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர்ச் சொல்லப்போகும் செய்திகளில் பெரும்பாலானவை தாமே விளங்கும்.

இனி, இது உடலுக்கு என்ன செய்கிறது என்பதைக் காண்போம். நாம் சுவாசிக்கும் பிராணவாயு உயிருக்கு ஆதாரம். ஆயினும் அதன் ஒரு சிறு பகுதி, உடலினுள்ளே நிகழும் வேலைகளின்போது, கட்டுக்கடங்காத வடிவங்களை அடைகிறது. வெயிலும் புகையும் இதனை அதிகமாக்கும். இவ்வடிவங்கள் உயிரணுக்களின் கொழுப்புச் சவ்வையும் புரதங்களையும் அரிக்கின்றன. வெளியே விட்ட இரும்பு துருப்பிடிப்பதும், பழைய எண்ணெய் சிக்கு நாற்றம் அடிப்பதும், வெயிலில் உலர்த்திய சேலையின் சாயம் வெளுப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த நிகழ்ச்சிகளே. இவ்வரிப்பைத் தடுக்கும் பொருள்களை ஆன்டிஆக்சிடன்ட் என்கின்றனர். லைகோபீன் அவற்றுள் ஒன்று. தன் இரட்டைப் பிணைப்புகளின் மூலம் அக்கட்டுக்கடங்காத பிராணவாயுவின் வேகத்தை வாங்கிக்கொண்டு, அதைச் சாந்தமாக்கிவிடுகிறது. 1989-இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நடந்த ஆராய்ச்சியில், இவ்வேலையில் காரட்டின் கரோட்டினைவிட லைகோபீன் இரு மடங்குக்கு மேல் திறமையுடையது எனத் தெரியவந்தது. ஆனால் அது சோதனைக் குழாயில் கண்ட திறமை. மனித உடல் சோதனைக் குழாயன்று. இந்த வேற்றுமையைக் குளிகை விற்பவர்கள் சொல்வதில்லை.

இடையே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தக்காளி சிவப்பாக இருப்பதால் அதில் கண்ணுக்கு நல்ல வைட்டமின் ஏ மிகுதி என்று பலர் எண்ணுகின்றனர். கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். லைகோபீனை அவ்வாறு மாற்ற இயலாது. தக்காளியிலும் சிறிதளவு கரோட்டின் உண்டு, எனினும் அச்சிவப்பு கண்ணுக்கான சத்தன்று. விளக்கொளியில் நுண்ணிய பாவு இழைகளை நோக்கும் நெசவாளர்கள் அதற்கு முருங்கைக்கீரையை நாடுவதே சரி.

நறுக்கிய பச்சைத் தக்காளிப் பழத்தை உப்பிட்டு உண்டால் இந்த லைகோபீன் முழுவதும் நமக்குக் கிடைத்துவிடுமா? கிடைக்காது. பழத்தினுள் அது நேரிய இழைகளாய், நெருக்கி அடுக்கிய நூற்கட்டுப்போலப் படிகமாக உறைந்து, உயிரணுச் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சூடு அச்சுவர்களைத் தகர்க்கிறது. எண்ணெய் அந்த இழைகளைக் கரைத்தெடுக்கிறது. கரைந்த நிலையில்தான் அது குடலில் பித்தநீருடன் கலந்து, கொழுப்போடு கொழுப்பாக இரத்தத்தில் சேர முடியும். 1992-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் தக்காளிச் சாற்றை அப்படியே சிலருக்குக் கொடுத்துப் பார்த்தனர். இரத்தத்தில் லைகோபீன் கூடவில்லை. அதே சாற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு சோள எண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துக் கொடுத்தபோது நன்கு கூடியது. 2004-இல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில், பச்சைக் காய்கறிக் கலவையை எண்ணெயின்றி உண்டவர்களின் இரத்தத்தில் இவ்வினச் சத்துகள் ஏறக்குறைய ஒன்றுமே சேரவில்லை என்று கண்டனர்.

சமைத்தால் சத்து அழியும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடம். வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை அது மெய்யே. 2002-இல் நியூயார்க் மாகாணத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் தக்காளியை 88 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து அளந்தனர். 2 நிமிடத்தில் வைட்டமின் சி 10 சதவிகிதமும், 30 நிமிடத்தில் 29 சதவிகிதமும் குறைந்தது. ஆனால் பிரித்தெடுக்கக்கூடிய லைகோபீனோ 2 நிமிடத்தில் 54 சதவிகிதமும், 15 நிமிடத்தில் 171 சதவிகிதமும் உயர்ந்தது. 30 நிமிடத்தில் அதற்கு மேல் உயரவில்லை. ஆகவே கால் மணி நேரம் வதக்குவது போதும். அடுப்பை மணிக்கணக்கில் எரிக்க வேண்டியதில்லை. இழந்த வைட்டமின் சி-க்கு ஒரு நெல்லிக்காய் ஈடு செய்துவிடும். எண்ணெயில் தக்காளியை வதக்கிக் குழம்பிலும் தொக்கிலும் சேர்க்கும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கம், இந்த ஆராய்ச்சிகள் நடப்பதற்கு வெகு காலம் முன்பே சரியான வழியில் இருந்திருக்கிறது. தெளிந்த ரசத்தை மட்டும் வார்த்துக்கொண்டு, அடியில் தங்கிய மண்டியையும் தோலையும் கொட்டிவிடுபவர்கள்தாம் நஷ்டமடைகின்றனர்.

அளவையும் கூறிவிடுவோம். 100 கிராம் பழுத்த தக்காளியில் ஏறத்தாழ 2½ முதல் 3 மில்லிகிராம் வரை லைகோபீன் இருக்கும்; இரகத்திற்கேற்ப இது மிகவும் வேறுபடும். நீர் வற்றக் காய்ச்சிய தக்காளிக் கூழில் அதே 100 கிராமுக்கு 29 மில்லிகிராம் அளவு இருக்கும். தர்ப்பூசணியில் 4½ மில்லிகிராமும், உட்சதை சிவந்த கொய்யாவில் 5 மில்லிகிராமும் உண்டு. கோடையில் தக்காளி விலை ஏறி நிற்கும் நாட்களில் தர்ப்பூசணி வாங்கும் குடும்பத்துக்கு இந்தச் சத்தில் குறைவில்லை.

இனிப் பயிரிடுவோருக்கு ஒரு செய்தி. கோடைப் பழம் செஞ்சிவப்பாகாமல் மஞ்சள் கலந்து நிற்பதைக் கண்டு, விதை சரியில்லை என்று விதைக்கடைக்காரரோடு வாதிடும் அங்கத்தினர்களை நாம் கண்டிருக்கிறோம். லைகோபீன் பழத்தில் நன்கு உண்டாவதற்கு 20 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பம் ஏற்றது. 30 டிகிரியைத் தாண்டினால் அது உண்டாவது குன்றும். ஆனால் மஞ்சள் நிறக் கரோட்டின் தொடர்ந்து உண்டாகும். பழம் மஞ்சளாக நிற்பது இதனால்தான். இலைகளை மிகுதியாகக் கழித்துக் காய்களை நேர் வெயிலில் காட்டுவது இக்குறையைப் பெருக்கும். நிறம் திரும்பும் பருவத்தில் பறித்தவற்றை ஓலைக் கொட்டகை நிழலில், காற்றோட்டமாகப் பரப்பிப் பழுக்க வைத்தால் நிறம் நன்றாக ஏறும். மிகுந்த குளிர்ச்சியும் ஆகாது. 12 டிகிரிக்குக் கீழே வைத்த செங்காய் சரிவரச் சிவப்பதில்லை, மணமும் கெடும்.

இப்பொழுது நோய்களைப் பற்றிய கேள்விக்கு வருவோம். பெரியவரின் புட்டி எழுப்பிய கேள்வி அதுவன்றோ? 1995-இல் அமெரிக்காவில் மருத்துவத் தொழில் சார்ந்த ஆண்கள் ஏறக்குறைய 48,000 பேரின் உணவுப் பழக்கத்தைத் தொடர்ந்து ஆராய்ந்த முடிவு வெளியாயிற்று. வாரத்தில் 10 முறைக்கு மேல் தக்காளி உணவுகளை உண்டவர்களுக்கு, ஒன்றரை முறைக்கும் குறைவாக உண்டவர்களைவிடப் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 35 சதவிகிதம் குறைவாகக் காணப்பட்டது. 2012-இல் பின்லாந்தில் 1,031 ஆண்களைச் சராசரி 12 ஆண்டுகள் கவனித்ததில், இரத்தத்தில் லைகோபீன் மிகுந்திருந்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் குறைவாகவே வந்தது. குளிகைப் புட்டிகளோடு வரும் துண்டுப் பிரசுரங்களில் இத்தகைய செய்திகளே பெரிய எழுத்தில் இருக்கும்.

அவை பொய்யல்ல. ஆனால் கணக்குப் பார்ப்பவர் வரவுப் பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு எழுந்துவிடலாகாது. தக்காளியை மிகுதியாக உண்பவர்கள் பிற காய்கறிகளையும் மிகுதியாக உண்பவர்களாக, புகை பிடிக்காதவர்களாக, வசதி உள்ளவர்களாக இருக்கக்கூடும். நலம் எதனால் வந்தது என்று அங்கே பிரித்துச் சொல்வது கடினம். 2005-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இருந்த சான்றுகளை எல்லாம் ஆராய்ந்து, லைகோபீன் குளிகை புற்றுநோயைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்ய அனுமதி மறுத்தது. தக்காளிக்குக்கூட ‘மிகவும் குறைந்த சான்று’ என்ற குறிப்போடுதான் ஒரு வாசகத்தை ஏற்றது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2007-இல் லைகோபீன் உள்ள உணவுகள் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கக்கூடும் என்று ஓரளவு உறுதியாகக் கூறியது. 2014-இல் சான்று போதாது என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

உணவாக உண்பதும் குளிகையாக விழுங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு லைகோபீனின் உடன்பிறப்பாகிய கரோட்டினின் வரலாறு சாட்சி. கரோட்டின் மிகுந்த காய்கறிகளை உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டு, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு பெரிய சோதனை நடத்தினர். அவர்களுள் ஒரு பாதியினருக்குக் கரோட்டின் குளிகைகளைப் பல ஆண்டுகள் கொடுத்தனர். 1994-இல் வந்த முடிவு அனைவரையும் திடுக்கிடச் செய்தது. குளிகை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற சோதனையை, தீமை தெரிந்தவுடன் 1996 ஜனவரியில் இடையிலேயே நிறுத்தினர். லைகோபீன் குளிகையும் அவ்வாறே தீமை செய்யும் என்று நாம் கூறவில்லை. காய்கறியில் நன்மை செய்த ஒன்று, பிரித்தெடுத்துப் பெருமளவில் கொடுக்கும்போதும் நன்மையே செய்யும் என்று எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இதைக் கூறினோம்.

உணவிலும் மிதமிஞ்சினால் வேடிக்கைகள் நேரும். நாள்தோறும் இரண்டு லிட்டர் அளவு தக்காளிச் சாற்றைப் பல ஆண்டுகள் அருந்திவந்த 61 வயது அமெரிக்க அம்மையார் ஒருவரின் தோல் ஆரஞ்சு மஞ்சள் நிறமாகவே மாறிவிட்டதென்று 1960-இல் மருத்துவ இதழில் எழுதியிருந்தனர். சாற்றை நிறுத்தியதும் நிறம் மெல்லத் திரும்பியது. வேடிக்கையல்லாத எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குத் தக்காளியிலுள்ள பொட்டாசியம் ஆகாமற்போகலாம். அவர்கள் டாக்டர் சொன்ன அளவையே கைக்கொள்ள வேண்டும்.

பெரியவரிடம் நாம் சொன்னது இதுதான்: “இரத்த அழுத்த மாத்திரைக்குத் தக்காளியும் மாற்றன்று, தக்காளிக் குளிகையும் மாற்றன்று. நாளைக் காலையிலேயே சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள்.” “அங்கே காசு வாங்காமல் கொடுக்கிறார்கள் ஐயா, இது இவ்வளவு விலையாயிற்றே, உயர்ந்த மருந்தாக இருக்கும் என்று எண்ணினேன்” என்றார் அவர். கட்டணமின்றிக் கிடைப்பது தாழ்ந்தது என்னும் இந்த எண்ணம் எத்தனை வீடுகளில் குடியிருக்கிறதோ!

பள்ளத்தில் கிடந்த தக்காளிக்கு வருவோம். 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னை நியாயவிலைக் கடைகள் சிலவற்றிலும் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததும் அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும். சில மாதங்களில் கொட்டுவதும், சில மாதங்களில் எட்டாக் கனியாவதும் இப்பயிரின் இயல்பாகிவிட்டது. பழத்தில் நூற்றுக்கு 94 பங்கு நீர். அந்த நீரை வற்றவைத்துவிட்டால் மீதியைக் காப்பது பெரிய காரியமன்று. வளர்ப்போர் சங்கமும் அண்டையிலுள்ள நெசவாளர் சங்கமும் பேசி, விலை வீழ்ந்த வாரத்தில் நேரடியாக வாங்கிக்கொண்டால், நெசவாளர் வீடுகளில் சில மாதங்களுக்கு வேண்டிய தொக்கைக் காய்ச்சிக்கொள்ளலாம். கனத்த அடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, புளியும் மிளகாய்த்தூளும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கிளறி, ஆறிய பின் ஈரமற்ற ஜாடியில் அடைத்து வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெளிச்சமும் காற்றும் இந்தச் சாயத்தை வெளுக்கச் செய்யும். தக்காளியைத் துண்டாக்கி வற்றல் போடுபவர்களும் நேர் வெயிலில் பரப்பாமல் மெல்லிய துணியால் மூடி உலர்த்துவது நல்லது. விற்பனைக்கென்று செய்தால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு தேவை. ஊறுகாயைப்போல் உப்பு மிகுந்த தொக்கு இரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது. அவருக்கு உப்புக் குறைத்து அன்றன்றைக்கு வதக்கிக் கொடுக்க வேண்டும்.

வைகாசியில் மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றோம். பெரியவர் தறியில் இருந்தார். சுகாதார நிலையத்தில் அழுத்தம் அளந்து எழுதித் தந்த சிறு நோட்டை எடுத்துக் காட்டினார். மூன்று வரிகளும் ஒன்றுக்கொன்று தணிந்து வந்திருந்தன. பாதிப் புட்டி இன்னும் மாடத்தில் இருக்கிறதாம், காசு கொடுத்து வாங்கியதை எறிய மனமில்லையாம். அவர் மனைவியார் உள்ளிருந்து, “தொக்குக்குத் தோலை உரித்துவிட வேண்டுமா ஐயா?” என்று கேட்டார். வேண்டாம் அம்மா, சதையைவிடத் தோலிலேதான் அந்தச் சிவப்பு மிகுதி, தோலோடு அரைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னோம்.